பனிக்கட்டிக்கு ஒரு மார்க்

எண்பத்தேழாவது கேள்விக்குச் சரியான விடை நிலக்கரி என்று போட்டிருந்தார்கள். என் மனைவி தேவிப்ரியா பனிக்கட்டி என்று குறித்துவிட்டு வந்திருந்தாள். இந்த ஒரு கேள்வியால் ஆறு மாதமாக எனக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. அதைத்தான் சொல்லப்போகிறேன். நடுநடுவே கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பலராமன். ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டில் வீட்டிலேயே தறி போட்டுப் பட்டுச்சேலை நெய்கிறேன். நான் நெய்வது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் இழைக்கு இழை பூட்டி நெய்யவேண்டும். அதற்கு ஊடை நூல் சுற்றிய மூன்று நாடா குறுக்கே ஓடவேண்டும், மூன்று நாடாவுக்கு இரண்டு ஆள் வேண்டும். இடது பக்கம் நான், வலது பக்கக் கரைக்குத் தேவி. அவள் எழுந்து போனால் தறி நின்றுவிடும். நான் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்க்கவேண்டியதுதான்.

போன வருஷம் முழுக்க அப்படித்தான் சுவரைப் பார்த்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் ஆரணிக்குக் கோச்சிங் கிளாஸ் போய்விடுவாள். அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலைக்கான தேர்வு. மூன்று முறை எழுதி மூன்று முறையும் கொஞ்சத்தில் போனது. இந்த வருஷத்தோடு வயது வரம்பு முடிகிறது, ஆக இதுதான் கடைசி. "தறி நின்னு போச்சு, தறி நின்னு போச்சு" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் புலம்புவேன். புலம்பினேனே தவிர, ஒருநாளும் போகாதே என்று சொன்னதில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எனக்குத் தேவைப்படும்.

மாசியில் தேர்வு நடந்தது. பத்து நாள் கழித்து, தேர்வு நடத்திய வாரியம் விடைப்பட்டியலை இணையத்தில் போட்டது. தறிக்குப் பக்கத்தில் வினாத்தாளை விரித்து வைத்துக்கொண்டு தேவி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எண்பத்தேழு வந்ததும் அவள் கை நின்றது.

"இன்னாங்க இது, நிலக்கரின்னு போட்டிருக்காங்க?"

"நிலக்கரிதானே? சொரங்கத்துல தோண்டி எடுக்கறாங்க. அது கனிமம் இல்லாம வேற எது?"

அவள் என்னைப் பார்த்தாள். வாரியத்தைப் பார்க்கவேண்டிய பார்வையால் என்னைப் பார்த்தாள். பிறகு கேள்வியைப் படித்துக் காட்டினாள். பின்வருவனவற்றுள் கனிமம் எது? நிலக்கரி, பனிக்கட்டி, கற்பூரம், கண்ணாடி.

"நீ ஐஸுன்னா போட்டே?" என்றேன். "ஐஸு எப்படி கனிமம் ஆவும்? அஞ்சு நிமிஷத்துல உருகி ஓடிப்புடும். கனிமம்னா கல்லாட்டம் கெடக்க வேணாமா?"

"கெடக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லிங்க. நாடாவ போடுங்க, சொல்றேன்."

போட்டேன். அவள் கரை நாடாவைத் தள்ளிக்கொண்டே சொன்னாள். "கற்பூரத்த எடுத்துக்கோங்க. மரத்துலருந்து வந்த சரக்கு. உயிருள்ளதுலருந்து வந்தா அது கனிமம் கெடையாது. நிலக்கரியும் ஒரு காலத்துல மரம்தான். அதோட, ஒரு ஊரு நிலக்கரியாட்டம் இன்னொரு ஊருது இருக்காது, உள்ள கலந்திருக்கறது மாறிகினே இருக்கும். கனிமம்னா எங்க எடுத்தாலும் கணக்கு ஒண்ணா இருக்கணும்."

"கண்ணாடி?"

"அது மனுஷன் செய்யறது. அதுவுமில்லாம உள்ள ஒரு ஒழுங்கு கெடையாது, அணுவுங்க கன்னாபின்னான்னு கெடக்கும். கனிமத்துல எல்லாம் பாவு இழையாட்டம் வரிசையா நிக்கணும்."

"ஐஸுல நிக்குதா?"

"நிக்குது. ஆறு மூலையா நிக்குது. தண்ணியா ஓடிகினு இருந்தா கனிமம் இல்ல. ஒறைஞ்சு கெட்டியாச்சுன்னா கனிமம். நான் சின்ன புள்ளையா இருக்கசொல்ல சந்தவாசல்ல ஆலங்கட்டி மழை பேஞ்சுது. வாசல்ல பொறுக்கித் தின்னோம். வானத்துலருந்து விழுந்ததுங்க அது. எவன் செஞ்சான்?"

நான் அப்புறமும் விடவில்லை. மத்தியானம் அடுப்படியில் நின்று ஒவ்வொரு டப்பாவாகக் காட்டிக் கேட்டேன். இந்துப்பு கனிமமாம், பாறையில் வெட்டி எடுப்பது. அதே மாதிரி வெள்ளையாக, அதே மாதிரி பளபளவென்று இருக்கும் சர்க்கரை கிடையாதாம், கரும்பிலிருந்து வந்ததாம். கடையில் வாங்கிய சோடா உப்பைக் காட்டினேன். "அது ஃபேக்டரில செய்யறதுங்க, வைங்க அத" என்று டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் சொன்ன அத்தனையும் எனக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஒரு மார்க்தானே, போனால் போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் சொல்லிப் பார்த்தேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன். வாரியத்தின் விடைப்படி அவளுக்கு நூற்று அறுபத்திரண்டு. கோச்சிங் சென்டரில் எல்லாருடைய மார்க்கையும் சேர்த்துப் பார்த்து, நூற்று அறுபத்துநான்கில்தான் வேலை கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மார்க் பள்ளம். விடையைப் பனிக்கட்டி என்று திருத்தினால் இவளுக்கு ஒன்று ஏறும். நிலக்கரி போட்டவர்களுக்கு ஒன்று இறங்கும். நூற்று அறுபத்துநான்கில் நிற்பவர்கள் பெரும்பாலும் நிலக்கரி ஆட்கள்.

"ஏறறதும் எறங்கறதும் ரெண்டும் நடந்தாதான் நான் உள்ள போவேன்" என்றாள் தேவி. "மார்க் சமமா இருந்தா வயசுல மூத்தவங்களுக்குத்தான் மொதல்ல. என் வயசு இந்த ஒரு எடத்துலதான் எனக்கு ஒதவப்போவுது."

ஆட்சேபனை தெரிவிக்க ஏழு நாள் கொடுத்திருந்தார்கள். கோச்சிங் சென்டரில் அறிவியல் எடுக்கும் டேவிட்ராஜ் சார், நிலவியல் படித்தவர். அவர்தான் பாடப்புத்தகத்தின் பக்கத்தை நகல் எடுத்துக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். "சட்டத்துல நிலக்கரிய கனிமம்னுதாம்மா சொல்லியிருக்கு. அதப் பாத்து போட்டிருப்பாங்க. ஆனா கேள்வி அறிவியல் பகுதியில வந்திருக்கு, அதான் நம்ம பிடி" என்றாராம். செவ்வாய்க்கிழமையே எல்லாம் கையில் இருந்தது. அன்றே போய்ப் பதிவேற்றிவிடலாம் என்று தேவி கிளம்பினாள்.

நான்தான் தடுத்தேன். தறியில் இருந்த சேலையை, பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளிக்கு வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவேண்டும். "சனிக்கிழமை அமாவாசை. தறி எப்படியும் நிக்கும். அன்னிக்குப் போலாம், கடைசி நாளுன்னா இன்னா, சாயங்காலம் அஞ்சே முக்கால் வரைக்கும் டைம் இருக்குதில்ல" என்றேன். அமாவாசையன்று நாங்கள் தறியில் உட்காருவதில்லை. கல்யாணப் பத்திரிகை வைப்பதோ, ரேஷன் கார்டு திருத்துவதோ, பல் பிடுங்குவதோ, வெளிவேலை எல்லாவற்றையும் அமாவாசைக்கென்று சேர்த்து வைப்பதுதான் நெசவாளி வீட்டு வழக்கம். வாரியத்தின் கடைசி நாளையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் சித்தப்பா மகன் ஜெயக்குமார் வந்தான். நாலு பவர்லூம் வைத்திருக்கிறான். என்னுடைய கோர்வையை அப்படியே பார்த்து மிஷினில் ஒன்று நெய்து எடுத்து வந்திருந்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தான்.

"சொல்லு பாக்கலாம், எது உன்னுது? பட்டு ஒண்ணு, ஜரிகை ஒண்ணு, டிசைன் ஒண்ணு. இதுக்கு ஏன் கைத்தறின்னு முத்திர குத்தக்கூடாது? கட்டிகினு போறவளுக்குத் தெரியவா போவுது?"

"எவளுக்கும் தெரியவேணாம். எதுல நெய்ஞ்சதுன்னு ஒண்ணு இருக்குதில்ல? கையால நெய்ஞ்சா கைத்தறி, மிஷினு நெய்ஞ்சா மிஷினு. பாக்க ஒண்ணா இருந்தா ஒண்ணாயிடுமா?" என்று கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது. அவன் சேலையைச் சுருட்டிக்கொண்டு, "உன்கிட்ட பேசறது பேஜாரு" என்று போனான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்தேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சந்தவாசலிலிருந்து போன். தேவியின் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார், கால் வீங்கிவிட்டது. தேவி உடனே கிளம்பவேண்டியதாயிற்று. பிறகு ஒரு பிளாஸ்டிக் உறையில் எல்லாவற்றையும் போட்டு என் கையில் கொடுத்தாள். புத்தகப் பக்கம், சாரின் கடிதம், ஹால் டிக்கெட், கடவுச்சொல் எழுதிய சீட்டு. ஓடிபி என் போனுக்குத்தான் வரும்.

"இந்த ரெண்டத்தான் ஏத்தணும். புத்தகம், லெட்டரு. தமிழ்ச்செல்விகிட்ட சொன்னா போட்டுடுவா. ஜல்தியா போயிடுங்க, கடைசி நேரத்துல சர்வர் தொங்கும்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

இரண்டு என்று சொன்னாள். தெளிவாகச் சொன்னாள். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் தொழிலில் வெறும் காகிதம் பேசாது. ஜரிகையில் சந்தேகமென்றால் இழையைக் கொளுத்திக் காட்டுவோம். சாயம் மாறிவிட்டது என்று முதலாளி சொன்னால் நூலை எடுத்துப்போய் வெயிலில் பிடித்துக் காட்டுவோம். சாம்பிளைக் கண்ணெதிரே வைக்காமல் எந்த வழக்கையும் ஜெயித்ததில்லை. மெட்ராசில் உட்கார்ந்திருக்கும் எவனோ புத்தகத்தைப் படிப்பானா? சரக்கைக் காட்டவேண்டாமா?

ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ஐஸ் தட்டை எடுத்துத் தட்டி, நாலு கட்டிகளை ஒரு அரக்கு நிறப் பட்டுத்துண்டின் மேல் வைத்தேன். வெள்ளைக்கு அரக்கு எடுப்பாக இருக்கும், எந்த நெசவாளிக்கும் இது தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து மூன்று படம் எடுத்தேன். விளிம்பெல்லாம் கூர்மையாக, கல் மாதிரி, அவ்வளவு அழகாக வந்திருந்தது.

ஆரணியில் தமிழ்ச்செல்வியின் நெட் சென்டருக்குப் போகும்போது மணி பதினொன்று. கூட்டம் வாசல் வரை நின்றது. எல்லாரும் கடைசி நாளுக்கு வந்தவர்கள்தான். என் முறை வர ஒன்றரை ஆனது. வந்ததும் சர்வர் தொங்கியது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது, சுற்றியது, நின்று, மறுபடி முதலிலிருந்து சுற்றியது. ஓடிபி வந்தது, அதைத் தட்டுவதற்குள் காலாவதி ஆனது. இரண்டாவது ஓடிபி வந்தபோது கரண்ட் போனது. கரண்ட் வந்தபோது பக்கம் திறக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேஜையைக் குத்தியிருப்பேன், தமிழ்ச்செல்வியின் அப்பா எனக்குத் தெரிந்தவர் என்பதால் விட்டேன்.

நாலே முக்காலுக்குத்தான் ஒருவழியாகத் திறந்தது. புத்தகப் பக்கம் ஏறியது. கடிதம் ஏறியது.

"அவ்ளோதானேண்ணா? சப்மிட் குடுத்துடட்டா?"

"இன்னும் ஒண்ணு போடலாமாம்மா?"

"மூணு வரைக்கும் போடலாம்ணா."

போனை நீட்டினேன். அவள் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அக்கா சொன்னாங்களா இத?"

"சொன்னாதானா? போடும்மா. கீழ எழுதறதுக்கு எடம் இருக்குதில்ல, எழுது. எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் எடுத்த பனிக்கட்டி. இது திடப்பொருள் என்பதையும் கல் போன்ற வடிவம் உடையது என்பதையும் காண்க."

அவள் தட்டினாள். நான் பின்னால் நின்று எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். பிழையே இல்லை. சமர்ப்பித்தாயிற்று.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் டீக்கடையில் டேவிட்ராஜ் சார் நின்றுகொண்டிருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். நாள் முழுக்கப் பட்டதை எல்லாம் கொட்டினேன். அவர் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் என் சாமர்த்தியத்தையும் சொன்னேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. "எந்த ஐஸு?"

"எங்க வீட்டு ஐஸுதான் சார். ஃப்ரிட்ஜுல எடுத்தது."

டீ கிளாஸைப் பலகையில் வைத்தார். "ஃப்ரிட்ஜு ஐஸு கனிமம் இல்லிங்களே."

"சார்?"

"இயற்கையா உண்டானாதாங்க கனிமம். பனிமலையில இருக்கறது, ஆலங்கட்டி, அதெல்லாம் கனிமம். மனுஷன் மிஷினு வெச்சு ஒறைய வெச்சா கணக்குல வராது."

"அதே தண்ணி சார். அதே ஆறு மூலை. அணுவெல்லாம் வரிசையா நிக்குதுன்னு தேவியே சொன்னாளே!"

"எல்லாம் அதேதாங்க. பாக்கறதுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனா எப்படி உண்டாச்சுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

முந்தின நாள் ஜெயக்குமாரிடம் நான் கத்தியதை, கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில், இவர் மெதுவாக என்னிடம் சொன்னார். ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில் விழுமாம் துள்ளி. நான் விழுந்த சத்தம் எனக்கே கேட்டது.

"சரி சார், அதனால இன்னா ஆயிடும்?"

"நாம இயற்கை ஐஸத்தான் சொல்றோம்னு லெட்டர்ல எழுதியிருக்கேன். நீங்களே செயற்கை ஐஸ காட்டினா, ஐஸுல ரெண்டும் இருக்குது, கேள்வியே தெளிவா இல்லன்னு சொல்லிடலாம். கேள்விய தூக்கிட்டு எல்லாருக்கும் மார்க் குடுத்துடுவாங்க."

எல்லாருக்கும் மார்க் கொடுத்தால் தேவிக்கு ஒன்று ஏறும். யாருக்கும் ஒன்றும் இறங்காது. அந்தக் கணக்கு எனக்கு ஒரு விநாடியில் புரிந்தது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நெட் சென்டருக்கு ஓடினேன். மணி ஐந்தரை. வரிசையில் நின்றவர்களை எல்லாம் தள்ளிக்கொண்டு போய், அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடு என்று தமிழ்ச்செல்வியிடம் கெஞ்சினேன். பாவம், அவளும் எதிரில் இருந்த ஆளை எழுப்பிவிட்டு முயன்றாள். திரையில் சிவப்பில் ஒரே வரி வந்தது. சமர்ப்பிக்கப்பட்ட ஆட்சேபனையை மாற்ற இயலாது. காலையிலிருந்து ஒரு தடவைகூட ஜல்தியாக வராத சர்வர், இதை மட்டும் கண் இமைக்கும் நேரத்தில் கொண்டுவந்தது.

மறுநாள் தேவி ஊரிலிருந்து வந்தாள். அம்மாவுக்கு எலும்பு முறியவில்லை, வெறும் வீக்கம்தான். "போட்டீங்களா?" என்றாள். "போட்டேன்" என்றேன். ஒப்புகைச் சீட்டு இரண்டு பக்கம் இருந்தது. இரண்டாவது பக்கத்தில்தான் இணைப்புகள் மூன்று என்றிருந்தது. முதல் பக்கத்தை மட்டும் கொடுத்தேன்.

பங்குனி, சித்திரை, வைகாசி என்று நாள் போனது. தேவி நம்பிக்கையோடு இருந்தாள். வெயிலில் பட்டு இழை பட்பட்டென்று அறுந்தது. அவள் முடிபோட்டுக்கொண்டே, வேலை கிடைத்தால் திருவண்ணாமலையா, போளூரா, எங்கே போடுவார்கள் என்று யோசித்தாள். வெம்பாக்கம் என்றால் பஸ் சரிப்படாதே என்று கவலைப்பட்டாள். தனக்குப் பதிலாகக் கரை நாடாவுக்கு யாரை உட்காரவைக்கலாம் என்றுகூட நாலு பேரிடம் விசாரித்து வைத்தாள். சொல்லிவிடலாம் என்று வாய் திறப்பேன், "நாடாவ போடுங்க" என்பாள், போடுவேன். நூறு பேர் ஆட்சேபனை அனுப்பியிருப்பார்கள், என் ஒரு படத்தையா பார்க்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாரியத்தை நம்பினேன். இத்தனை நாள் திட்டித் தீர்த்த வாரியம் என் படத்தைப் பார்க்காமல் சோம்பேறித்தனமாக இருக்கவேண்டும் என்று சாமியை வேண்டினேன்.

ஆடி மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்துவிட்டது. இறுதி விடைப்பட்டியலும் முடிவும் ஒன்றாகவே வந்தன. தறியில் மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை போட்ட சேலை பாதி ஓடியிருந்தது. தேவி வலது பக்கம் உட்கார்ந்தபடியே போனைத் திறந்தாள்.

அவளுக்கு நூற்று அறுபத்துமூன்று. கடைசியாக எடுத்தவருக்கு நூற்று அறுபத்துநான்கு.

அவள் அழவில்லை. விரலால் கீழே தள்ளி எண்பத்தேழைத் தேடினாள். கண்டதும் சத்தமாகப் படித்தாள். "பனிக்கட்டி இயற்கையாகவும் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் செயற்கையாகவும் உண்டாவதாக ஆட்சேபனைகளில் ஆதாரம் காட்டப்பட்டுள்ளது. வினா தெளிவற்றதாக இருப்பதால் நீக்கப்படுகிறது. அனைவருக்கும் ஒரு மதிப்பெண் வழங்கப்படும்."

இன்னொரு தடவை படித்தாள். மூன்றாம் தடவை வாய்க்குள் படித்தாள்.

"எல்லாருக்குமா?" என்றாள். "நிலக்கரி போட்டவனுக்கும், கற்பூரம் போட்டவனுக்கும், கண்ணாடி போட்டவனுக்குமா? அப்போ நான் படிச்சது எதுக்குங்க? மிஷினு சேலைக்கும் கைத்தறி முத்திரய குத்திவிட்டாப்புல இருக்குது."

நான் அறுந்த பாவு இழை ஒன்றைத் தேடி முடிபோட்டேன்.

"எவன் இந்த ஃப்ரிட்ஜ உள்ள இழுத்தது? கனிமம்னா இன்னான்னு தெரியாத எவனோ ஒருத்தன் இத கொண்டுபோயி வெச்சிருக்கான். அவன் கை வெளங்காம போவ. அவனுக்கு இதுல இன்னா லாபம்?"

சும்மா இருந்திருக்கலாம். எவனோ ஒருவனாகவே நான் இருந்திருக்கலாம், கடைசி வரை அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் கோர்வையில் ஒரு இழை பூட்டாமல் விட்டுவிட்டு மேலே நெய்துகொண்டே போனால், சேலையை வெளிச்சத்தில் பிடிக்கும் அன்றைக்கு ஓட்டை தெரிந்தே தீரும். அதுவும் நாலு மாதம் மேலே நெய்தாயிற்று.

"நான்தான் தேவி" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. ஐஸ் தட்டு, அரக்குப் பட்டுத்துண்டு, மூன்றாவது இணைப்பு, டேவிட்ராஜ் சார் சொன்னது, நான் ஓடினது, இரண்டாவது பக்கத்தை மறைத்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சாம்பிள் இல்லாமல் எடுபடாது என்று நினைத்துத்தான் செய்தேன் என்று இரண்டு தடவை சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கேனத்தனமாகக் கேட்டது.

அவள் கையிலிருந்த நாடாவைக் கீழே வைத்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது. எழுந்து போய் ஒரு பாத்திரத்தைத் தூக்கி எறிந்தாலும் தேவலை. கடைசியில் தலையைத் தூக்கி, ரொம்ப நிதானமாகக் கேட்டாள்.

"ரெண்டுதான் போடச் சொன்னேன், இல்லிங்க?"

"ஆமா."

"செவ்வாக்கெழமையே போறேன்னு சொன்னேன், இல்லிங்க?"

"ஆமா."

"வருஷம் பூரா தறி நின்னு போச்சு, தறி நின்னு போச்சுன்னு சொல்லிகினு இருந்தீங்க."

"தேவி, சத்தியமா அதுக்காக இல்ல. உன்னை ஒருநாளாவது போவாதன்னு சொல்லியிருக்கேனா? சொல்லு. ஒரு வார்த்த சொல்லியிருக்கேனா?"

இதைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். நீங்கள் வைத்திருப்பீர்கள். தேவி போனை அணைத்துப் பக்கத்தில் வைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பச்சை நூல் சுற்றிய நாடாவைக் கையில் எடுத்தாள்.

"இனிமே நிக்காது" என்றாள். "போடுங்க."

போட்டேன். அவள் பக்கத்திலிருந்து பச்சை நாடா வந்தது. இரண்டும் சந்தித்த இடத்தில் கோர்வை பிசகாமல் விழுந்தது.